மண்டோர் ஆன முதல் மூன்று மாதம்: சைட்டில் பாதுகாப்பைப் பழக்கமாக்குவது எப்படி

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலங்களில் இப்போது தாமான்கள், அதாவது குடியிருப்புப் பகுதிகள், எழும்புகின்றன. கடைவீடு, பள்ளிக்கூடத்துக்கு இணைக் கட்டடம், செம்பனை ஆலைக்குப் புதுக் கொட்டகை என்று கட்டுமான வேலைக்குப் பஞ்சமில்லை. அப்பா, அம்மா பால்மரம் வெட்டிய நிலத்திலேயே பிள்ளைகள் கம்பி கட்டுகிறார்கள். நாலைந்து வருடம் ஒழுங்காக வேலை செய்தவனைப் பார்த்து ஒரு நாள் கான்ட்ராக்டர், "நாளையிலிருந்து இந்த எட்டுப் பேரை நீ பார்த்துக்கொள்" என்கிறார். அவ்வளவுதான், அவன் மண்டோர். சம்பளம் கொஞ்சம் ஏறும். எட்டுப் பேர் உயிருக்கும் பொறுப்பு வந்து சேரும். அதை எப்படிச் சுமப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்தக் கட்டுரை அப்படிப் புதிதாக மண்டோர் ஆனவர்களுக்கும், சொந்தமாகச் சின்ன கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தவர்களுக்கும். 20 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட கட்டட வேலை என்றால் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை வைத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம் ஊரில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்கு வராது. அங்கே பாதுகாப்பு அதிகாரியும் மண்டோர்தான், முதலுதவிக்காரரும் மண்டோர்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சைட் எவ்வளவு பாதுகாப்பானது என்பதை அங்கே தொங்கும் பேனரை வைத்தோ, எத்தனை தலையில் ஹெல்மெட் இருக்கிறது என்பதை வைத்தோ நான் கணிப்பதில்லை. ஒரு பலகை ஆடுகிறது, ஒரு வயர் உரிந்திருக்கிறது என்ற சேதி எத்தனை நிமிடத்தில் மண்டோர் காதுக்கு வருகிறது என்றுதான் பார்ப்பேன். சேதி வருகிற இடத்தில் மற்றதெல்லாம் மெல்ல மெல்லச் சரியாகும். வராத இடத்தில் எத்தனை ஃபைல் இருந்தும் புண்ணியமில்லை.

ஆள் இறங்கும் முன் காகிதம்

இது சலிப்பான பகுதி, சீக்கிரம் முடித்துவிடுவோம். ஆனால் தாண்டிப் போக முடியாது.

சைட்டுக்குள் வரும் ஒவ்வொருவரிடமும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் கிரீன் கார்டு இருக்க வேண்டும். ஒரு நாள் பாதுகாப்பு வகுப்புக்குப் போய் எடுப்பது அது. காலாவதி தேதியையும் பாருங்கள். பர்ஸில் கார்டு இருக்கும், தேதி தாண்டியிருக்கும். அடுத்தது சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி. புதிதாகச் சேர்ந்தவரை 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. முப்பதாவது நாள் வரை காத்திருக்காமல் முதல் நாளே பதியச் சொல்லுங்கள், விழுகிறவன் முதல் வாரத்திலேயே விழுவான். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோ உண்டு. "பங்களா பையன்தானே" என்று விடுவது இப்போது சட்டப்படியும் தப்பு.

ஐந்து பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது சேர்த்த விதி இது. அதற்கான பயிற்சிக்கு உங்களையே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் திருத்தம், முதலாளி தன் கடமையில் தவறினால் விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கடைசியில் உதவும்.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1991 மே மாதம் சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்கள். அதுவரை இருந்த சட்டம் போதாது என்ற பேச்சு அதற்குப் பிறகு வலுத்து, மூன்றே வருடத்தில் 1994 சட்டம் வந்தது.

முந்தின நாள் மாலை ஒரு நடை

வேலை தொடங்கும் முன்தினம், தே தாரிக் முடிந்த கையோடு, ஆள் யாரும் இல்லாத நேரத்தில் சைட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

தோட்ட நிலத்தில் சில ஆபத்துகள் மண்ணுக்குள் இருக்கும். லயம் இருந்த இடமென்றால் பழைய கிணறோ கக்கூஸ் குழியோ மேலே மண் மூடிக் கிடக்கலாம். லோரி ஏறினால் சரியும். பழைய ஆட்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். லயம் எந்தப் பக்கம் இருந்தது, கிணறு எங்கே என்பதெல்லாம் பென்ஷன் வாங்கும் தாத்தாவுக்கு வரைபடத்தைவிட நன்றாகத் தெரியும். கிந்தா பள்ளத்தாக்கில் அடியில் சுண்ணாம்புப் பாறை, ஆங்காங்கே ஈயம் தோண்டிய பழைய லம்பக் குட்டைகளை மூடிய நிலம். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிவதை நம்பி கிரேனை நிறுத்தக் கூடாது, மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வெட்டிக் குவித்த செம்பனை மட்டைக்கு அடியில் பாம்பு இருக்கும், குளவிக் கூடும் இருக்கும். தலைக்கு மேலே தெனாகா மின்கம்பி எந்த உயரத்தில் போகிறது என்று அண்ணாந்து பாருங்கள். நீளக் கம்பியைத் தோளில் சுமந்து திரும்புகிறவன் மேலே பார்க்க மாட்டான், அவனுக்காக நீங்கள் பார்க்க வேண்டும்.

பார்த்ததை மூன்று வரிசையாக எழுதுங்கள். எது அடிக்கும்? யாரை, எவ்வளவு மோசமாக அடிக்கும்? என்ன செய்யப் போகிறோம்? பெரிய கம்பெனிகளில் 'ஹிராக்' என்று ஒரு படிவம் இருக்கும். அதன் சாரம் இதுதான். மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதும்போது ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் வேலை முறையை மாற்றுங்கள், அதுவும் முடியாவிட்டால் தடுப்புக் கட்டுங்கள். ஹெல்மெட், கையுறை எல்லாம் கடைசி. பல சைட்டில் இது தலைகீழாக நடக்கிறது. முதல் பதிலும் ஹெல்மெட்தான், கடைசிப் பதிலும் ஹெல்மெட்தான்.

இன்னொரு சின்ன வேலை. சைட்டுக்கு வரும் வழியை நாலு வரியில் எழுதி, கூகுள் மேப் இடத்தையும் குழுவின் வாட்சாப்பில் போட்டுவிடுங்கள். புதுத் தாமானுக்குப் பெயர்ப்பலகை இருக்காது. 999 அழைத்த பிறகு ஆம்புலன்ஸ் செம்பனைக் காட்டுக்குள் வழி தேடிச் சுற்றுவது நடக்கிற கதைதான். மெயின் ரோட்டு முனையில் போய் நிற்க வேண்டியவர் யார் என்பதையும் முன்பே பெயர் சொல்லி வையுங்கள்.

காலைப் பேச்சு

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். பெயர் கூப்பிடுவார்கள், நிரை பிரிப்பார்கள், திட்டு இருந்தால் அங்கேயே விழும். கட்டுமான சைட்டின் காலை 'டூல்பாக்ஸ்' கூட்டமும் பெரட்டு மாதிரி ஆகிவிடுவதுதான் நம் ஊரில் பெரிய கோளாறு. மண்டோர் பேசுவார், மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், கலைவார்கள்.

பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். பொதுவாகப் "பாதுகாப்பு முக்கியம்" என்பதெல்லாம் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். இன்றைய வேலையை மட்டும் பேசுங்கள். முதல் மாடியில் இன்று பலகை பிரிக்கிறோம் என்றால், எந்த முட்டுக் கம்பத்தை முதலில் எடுப்பது, கீழே யார் நிற்கக் கூடாது, பிரித்த பலகையின் ஆணியை எப்போது அடித்து மடக்குவது. அவ்வளவுதான்.

அப்புறம் கேள்வி கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். அது பதிலே இல்லை. "தம்பி, நேத்து அந்த மூலையில வேலை செஞ்சியே, எது பயமா இருந்துச்சு?" என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் வாரம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பரவாயில்லை, தினமும் ஆள் மாற்றிக் கேளுங்கள். வயதில் மூத்தவர் குழுவில் இருந்தால் அவரிடம் தொடங்கலாம். "மாமா, நீங்க எத்தனை சைட்டுல சாரம் பார்த்திருப்பீங்க, இதைப் பார்த்தா என்ன தோணுது?" என்று மரியாதையோடு கேட்டால் அவர் கொட்டித் தீர்ப்பார். அவர் பேசிய பிறகு இளசுகளுக்கும் தைரியம் வரும்.

எட்டுப் பேரில் நாலு பேர் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியா என்று இருப்பார்கள். தமிழில் மட்டும் பேசி முடித்துவிட்டால் பாதிப் பேருக்குக் கூட்டமே நடக்கவில்லை என்று அர்த்தம். பாசார் மலாய் போதும். "ஜாங்ஙான்" (வேண்டாம்), "பெர்ஹெந்தி" (நிறுத்து), "துருன்" (இறங்கு) போன்ற பத்துச் சொல்லை எல்லோரும் ஒரே பொருளில் புரிந்துகொள்கிறார்களா என்று சோதியுங்கள். கிரேனுக்கும் மண் தோண்டும் ஜெங்காவுக்கும் கைச்சைகை ஒன்றாக இருக்கட்டும், அதைக் காட்டுகிறவர் ஒரே ஆளாக இருக்கட்டும். 'நிறுத்து' சைகையை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். காட்டினால் இயந்திரம் நிற்க வேண்டும், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

உயரம்

சைட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் உயரம், பள்ளம், மின்சாரம், பின்னால் வரும் வாகனம். இதில் உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பொய்ப் பாதுகாப்பு அதிகம்.

இரண்டு மீட்டரோ அதற்கு மேலோ நின்று செய்யும் வேலையில் விழாமல் தடுக்க ஏற்பாடு வேண்டும். உடனே எல்லோரும், உடம்பில் கட்டும் பாதுகாப்பு வாரான ஹார்னஸை மாட்டச் சொல்வார்கள். இரண்டு மாடித் தாமான் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாடித் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மீட்டர். ஒரு பையன் தள விளிம்பில் நிற்கிறான். ஹார்னஸ் போட்டிருக்கிறான், கொக்கியைக் காலடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் மாட்டியிருக்கிறான். தூரத்திலிருந்து போட்டோ எடுத்தால் எல்லாம் சரியாகத் தெரியும்.

இப்போது கணக்குப் போடுவோம். கயிறு 1.8 மீட்டர். விழும் வேகத்தில் அதிர்ச்சி தாங்கி பிரிந்து நீண்டால் இன்னும் ஒரு மீட்டர். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். மொத்தம் நாலு மீட்டருக்கு மேல். மூன்றரை மீட்டரில் தரை வந்துவிடும். கயிறு தன் வேலையைத் தொடங்கி முடிப்பதற்குள் பையன் சிமெண்ட் தரையில் இருப்பான். அதே கொக்கியைத் தலைக்கு மேலே, விழும் ஆளின் அதிர்ச்சியைத் தாங்கும் இடத்தில் மாட்டியிருந்தால் கதை வேறு. அதைவிட நல்லது, விளிம்பில் இடுப்புயரத்துக்குக் கைப்பிடிக் கம்பி கட்டிவிடுவது. அப்போது ஹார்னஸே தேவைப்படாது, மறதிக்கும் இடமில்லை.

நான் பார்த்தவரை தடுப்புக் கம்பி கட்ட அரை நாள் ஆகும் என்பதற்காகவே ஹார்னஸைக் கொடுத்து ஒப்பேற்றுகிறார்கள். அரை நாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஹார்னஸ்தான் வேண்டுமென்றால் இன்னொன்றும் யோசியுங்கள். விழுந்து கயிற்றில் தொங்குகிறவனை எப்படி இறக்குவது? கால் வார் இறுக்கி ரத்த ஓட்டம் தடைபடும், ரொம்ப நேரம் தொங்கவிடவே கூடாது. ஏணி எங்கே, யார் ஏறுவது என்பதை முன்பே பேசி முடிவு செய்யாமல் ஆளை மேலே ஏற்றாதீர்கள்.

சாரத்தை, தொழிலிடப் பாதுகாப்புத் துறையான டோஷில் பதிவு பெற்ற சாரக்காரர் கட்டட்டும். வாரம் ஒரு முறை சோதியுங்கள், பெரிய மழைக்கும் காற்றுக்கும் பிறகு மறுபடி சோதியுங்கள். சாய்வு ஏணிக்கு நாலுக்கு ஒன்று கணக்கு: நாலு மீட்டர் உயரத்தில் சாய்த்தால் அடி ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மேல் தளத்துக்கு மேலே ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தளத்தில் விட்ட ஓட்டையை வெறும் பிளைவுட் போட்டு மூடாதீர்கள், யாராவது பலகை வேண்டுமென்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆணி அடித்து, மேலே சிவப்புச் சாயத்தில் 'லுபாங்' (ஓட்டை) என்று எழுதிவிடுங்கள்.

பள்ளம், வயர், வாகனம், சிமெண்ட்

ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்பு வரை மூடினாலே மூச்சை இழுக்க முடியாது. தோட்டத்துச் செம்மண் காலையில் சுவர் மாதிரி நிற்கும், மத்தியானம் பெய்யும் மழையில் கரைந்து சரியும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கவாட்டில் முட்டுக் கொடுங்கள், அல்லது சரிவாக வெட்டுங்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காதீர்கள். இறங்க ஏணி உள்ளேயே இருக்கட்டும். 2017 அக்டோபரில் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான சைட்டில் மண் சரிந்து 11 பேர் இறந்தது நினைவிருக்கும். மழைக்குப் பிறகு மண்ணைப் பார்க்காமல் ஆளை இறக்குவதில்லை என்ற ஒரு விதியை மட்டும் உங்கள் குழுவில் கல்லில் எழுதுங்கள்.

வயரைத் தரையில் போடாதீர்கள், உயர்த்திக் கட்டுங்கள். தற்காலிக மின்பெட்டியில் கசிவுத் தடுப்பான் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழுகிறதா என்று வாரந்தோறும் பாருங்கள். விழாவிட்டால் அந்தப் பெட்டியை யாரும் தொடக் கூடாது. லோரி பின்னால் வரும்போது ஒருவர் நின்று காட்ட வேண்டும். டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கிறவன் இல்லாதவனுக்குச் சமம்.

சிமெண்டை யாரும் ஆபத்து என்று நினைப்பதில்லை. ஈரக் கான்கிரீட் பூட்ஸுக்குள் புகுந்தால் உடனே வலிக்காது, சாயந்தரம் காலைக் கழுவும்போது தோல் வெந்து உரிந்திருக்கும். புகுந்த உடனே பூட்ஸைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். டைல், கல் வெட்டும்போது வரும் தூசி வருடக்கணக்கில் நுரையீரலில் படியும். தண்ணீர் ஊற்றி வெட்டினால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

சொல்கிறவனை என்ன செய்கிறீர்கள்?

மேலே சொன்னதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். பழக்கம் உருவாவது இந்த இடத்தில்தான்.

காலை பதினொன்றரை மணி. கான்கிரீட் லோரி வந்து நிற்கிறது. சேர்ந்து இரண்டு வாரமான பையன் ஒருவன் மெதுவாக வந்து, "அண்ணே, மூணாவது முட்டு கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு" என்கிறான். உங்களுக்கு எரிச்சல் வரும். லோரி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கான்கிரீட் இறுகுகிறது, தவுக்கே போனில் கத்துகிறார். "அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ போய் வேலையைப் பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பையன் இனி உங்களிடம் எதையும் சொல்ல மாட்டான். பக்கத்தில் நின்று கேட்ட மற்ற ஏழு பேரும் சொல்ல மாட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும்? எல்லோரும் பார்க்கப் போய் அந்த முட்டுக் கம்பத்தைப் பாருங்கள். சாய்ந்திருந்தால் நிமிர்த்திய பிறகு ஊற்றுங்கள். சாயவில்லையா, "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா நீ சொன்னது சரி, இனியும் சொல்லு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பார்த்து வர இரண்டு நிமிடம் ஆகும். மறுநாள் காலைக் கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி மறுபடி சொல்லுங்கள். மூன்று மாதத்தில் நீங்கள் செய்யும் வேலைகளில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை.

மயிரிழையில் தப்பியதை எழுத நியர் மிஸ் நோட்டு ஒன்று வையுங்கள். செங்கல் விழுந்தது, யார் மேலும் படவில்லை. கிரைண்டர் கவசம் கழன்றது, கை தப்பியது. இப்படி வருவதையெல்லாம் தேதி போட்டு இரண்டு வரியில் எழுதுங்கள். எழுதப்படிக்கத் தயங்குகிறவர்கள் வாட்சாப்பில் குரல் பதிவாகச் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளலாம். யார் தவறு என்ற பத்தி அதில் வேண்டாம், என்ன மாற்றினோம் என்ற பத்தி வேண்டும். எழுதியதில் ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் சரிசெய்து காட்டுங்கள். எதுவும் மாறாவிட்டால் மூன்றாவது வாரம் நோட்டு வெறுமையாகிவிடும்.

ஹெல்மெட் போடாதவனுக்குப் பத்து வெள்ளி அபராதம் என்று சில சைட்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அபராதம் வந்தால் மண்டோர் வரும்போது மட்டும் ஹெல்மெட் தலைக்கு ஏறும். அதைவிட மோசம், "இந்த மாதம் விபத்தே இல்லை என்றால் எல்லோருக்கும் போனஸ்" என்பது. கேட்க நன்றாக இருக்கும். கையில் ஆணி குத்தியவன், மற்றவர்கள் போனஸ் போய்விடுமே என்று துணி சுற்றி மறைத்துக்கொள்வான். பரிசு கொடுப்பதானால் சேதி சொன்னவனுக்குக் கொடுங்கள்.

பாதுகாப்புச் சாமான்களுக்குச் சம்பளத்தில் பிடிப்பதைச் சட்டமே தடுக்கிறது. பூட்ஸுக்குக் காசு பிடித்தால் அவன் கிழிந்த பூட்ஸையே மாட்டிக்கொண்டு வருவான். நீங்களும் விதியை உடைக்காதீர்கள். "ரெண்டு நிமிஷம்தானே" என்று ஹெல்மெட் இல்லாமல் நீங்கள் ஒரு முறை சாரத்தில் ஏறினால், ஒரு மாதக் காலைப் பேச்சு காற்றில் போகும்.

அடிபட்டால் பணம்

நாள் சம்பளக்காரன் காயத்தை மறைப்பதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, நாளைக்குச் சம்பளம் போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். வேலையில் பட்ட காயத்துக்கு டாக்டர் குறைந்தது நாலு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தால், சொக்சோ தற்காலிக முடக்கப் படியாக நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தரும். வேலைக்கு வரும் வழியில் மோட்டாரில் விழுந்தாலும் இதே பாதுகாப்பு உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நாலு நாளுக்குக் குறைந்த எம்.சி. என்றாலும் வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இதை முதல் வாரக் கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

உயிர் போனாலோ பெரிய காயம் என்றாலோ டோஷுக்கு உடனே தெரிவிக்க வேண்டும், எழுத்து அறிக்கை ஏழு நாளுக்குள் போக வேண்டும். ஆளைக் காப்பாற்றுவதற்குத் தேவையானதைத் தவிர இடத்தில் எதையும் நகர்த்தாதீர்கள். ரத்தத்தைக் கழுவிச் சாரத்தைச் சரிசெய்து வையென்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வெயில், தண்ணீர், சம்பள மறுநாள்

மத்தியானம் தளத்தின் மேல் கம்பி கட்டுகிறவனுக்குத் தாகம் வரும்வரை காத்திருந்தால் நேரமாகிவிட்டது என்று பொருள். கடினமான வேலையைக் காலைக்கு மாற்றுங்கள், குடிதண்ணீரை மேல் தளத்துக்கே கொண்டுபோய் வையுங்கள். பேச்சு குழறினாலோ ஆள் தடுமாறினாலோ நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு உடனே 999. இடி கேட்டால் மேல் தளம் காலியாக வேண்டும். வாளியிலும் தளத்திலும் தேங்கும் நீரை வாரம் ஒரு முறை கொட்டுங்கள், ஆட்கள் தங்கும் கொங்சியில் ஒருவனுக்கு டிங்கி வந்தால் எல்லோருக்கும் வரும்.

சம்பள மறுநாள் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. முதல்நாள் இரவு குடித்தவன் காலையில் தெளிவாகத் தெரிவான், ஆனால் கை நிதானம் திரும்பியிருக்காது. எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினால் அடுத்த முறை மறைக்கக் கற்றுக்கொள்வான். தனியாகக் கூப்பிட்டு, அன்று உயரத்துக்கும் இயந்திரத்துக்கும் அனுப்பாமல் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். அடிக்கடி நடந்தால் அது வேறு பேச்சு, சம்பளம் கொடுப்பவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது.

மேலே இருப்பவரிடம் பேசுவது

எல்லாம் செய்த பிறகும் மேலேயிருந்து, "இன்றைக்கே ஊற்றியாக வேண்டும்" என்ற போன் வரும். அங்கே கோபப்படுவதில் பயனில்லை. கணக்காகப் பேசுங்கள். "பாஸ், விளிம்புக்குக் கம்பி கட்ட அரை நாள், மூணு ஆள் சம்பளம். விழுந்தா சைட்டை நிறுத்துவாங்க, அபராதம் அஞ்சு லட்சம் வரைக்கும் போகும்." முன்பு நினைவில் வைக்கச் சொன்ன எண் இதற்குத்தான். மெயின் கான்ட்ராக்டர் கைகழுவவும் முடியாது. துணைக் கான்ட்ராக்டரின் ஆட்களுக்கும் வேலை கொடுத்தவர் பொறுப்பு என்று திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. பேசி முடித்ததும் அதையே வாட்சாப்பில் நாலு வரியாக, போட்டோவோடு அனுப்பிவிடுங்கள். மிரட்டலாக எழுத வேண்டாம், "நாம் பேசியபடி" என்று ஆரம்பித்தால் போதும். எழுத்தில் வந்தவுடன் பலரும் நிதானமாகிவிடுவார்கள்.

உங்கள் ஆட்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது, அதை அவர்களுக்குச் சொல்லியும் வையுங்கள். உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்ததற்காக வேலையைவிட்டு நீக்குவதும் குற்றம்.

பேசியும் எழுதியும் நடக்கவில்லை என்றால் டோஷுக்குப் போகலாம். பேராக் மாநில அலுவலகம் ஈப்போவில் இருக்கிறது, இணையத்திலும் புகார் கொடுக்கலாம். சைட்டின் சரியான இடம், என்ன வேலை, என்ன ஆபத்து, எந்தத் தேதியிலிருந்து, மெயின் கான்ட்ராக்டர் யார் என்ற ஐந்தையும் எழுதுங்கள். தேதி தெரியும் போட்டோக்களைச் சேருங்கள். அந்த நியர் மிஸ் நோட்டின் பக்கங்களையும் படம் பிடித்து இணையுங்கள்.